காலை நீட்டுவதெல்லாம் ஒரே தவளை அல்ல

மழை தணிந்து ஓடைகள் தெளியத் தொடங்கியதும், உள்ளங்கையில் தவளையை வைத்து எடுத்த படங்களும் ‘நடனத் தவளைதானே, எந்த இனம்?’ என்ற கேள்விகளும் எனக்கு வரத் தொடங்கிவிடுகின்றன. அண்மையில் வந்த ஒரு படத்தில் தவளைக்குப் பின்னால் ஓடைக் கற்கள் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்ததைக் கண்ட பிறகு, இதை எழுதாமலிருக்க இயலவில்லை.

‘நடனம்’ எனப்படுகிற, பின்னங்காலை நீட்டி விரல்களை விரித்துக் காட்டும் செயல் ஓர் இனத்தின் அடையாளம் அன்று. போர்னியோவின் ஸ்டாரோயிஸ் தவளைகளும் பிரேசிலின் ஹைலோடெஸ் தவளைகளும் அதையே செய்கின்றன. நம் நடனத் தவளைகளோடு சேர்த்து இம்மூன்றுக்கும் நெருங்கிய உறவில்லை. நம் நடனத் தவளைகளின் பேரினமான மைக்ரிக்சாலஸ், மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் வாழாத, தனிக் குடும்பமாகவே அமைந்த ஒரே பேரினம். தவளை ஆய்வாளர் எஸ். டி. பிஜு குழுவினர் 2014-இல் 14 புதிய இனங்களை விவரித்தபோது, அதன் இனங்களின் எண்ணிக்கை 24 ஆயிற்று. கோதையாற்றின் பெயரைத் தாங்கிய கோடையாரியும் அவற்றுள் ஒன்று. நிறத்தை நம்பாதீர்கள்: ஒரே ஓடையில் ஒரே இனத்தவை வெளிர்பழுப்பாகவும் கருமையாகவும் இருக்கும். விரலிடைச் சவ்வு, வயிற்றுப்புறம், உடலளவு, பிடிபட்ட இடம், இறுதியாக மரபணு ஆகிய அனைத்தும் சேர்ந்தே பெயரைத் தீர்மானிக்கின்றன.

ஆய்வாளர்களே தடுமாறிய இடம் இது. ஜெர்டன் 1853-இல் விவரித்த சாக்சிகோலா என்ற மைக்ரிக்சாலஸ் இனத்தின் பெயரில் வெளிவந்த நடத்தை ஆய்வுகள் சில, உண்மையில் 1937-இல் நாராயண ராவ் பெயரிட்ட கொட்டிகெஹாரென்சிஸ் என்ற வேறோர் இனத்தைப் பற்றியவை எனப் பின்னர் திருத்தப்பட்டன. அந்தக் கொட்டிகெஹாரென்சிஸ் மிக அருகிய இனங்களின் பட்டியலில் உள்ளது. பரவல் வரைபடத்தில் தவறான பெயரில் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும், குறுகிய வாழிடமுடைய ஓர் இனத்தைப் பரவலானதாகக் காட்டி, அதற்குரிய பாதுகாப்பைத் தள்ளிப்போடுகிறது என்பதைப் படங்களைப் பதிவேற்றுபவர்கள் நினைப்பதேயில்லை.

கற்களுக்கு வருகிறேன். மழைக்குப் பிந்திய மாதங்களில் பெண் தவளை பின்னங்கால்களால் ஓடைப் படுகையைத் தோண்டி முட்டைகளைப் புதைக்கிறது. இமயப் பகுதியின் அமோலாப்ஸ் தலைப்பிரட்டைகள் வயிற்று உறிஞ்சியால் பாறையைப் பற்றி வாழ, நம்முடையவை மணலுக்குள் புதைந்து வளர்கின்றன. ஹெர்ரேயி என்ற மைக்ரிக்சாலஸ் இனத்தில் 2016-இல்தான் இது விவரிக்கப்பட்டது. விலாங்கு போன்ற உடலும் தோல் மூடிய கண்களும் கொண்ட அவை உங்கள் கண்ணில் படமாட்டா. நீங்கள் கல்லைப் பெயர்க்கும்போது நசுங்குபவை அவையே.

ஆகவே, கல்லை அடுக்காதீர்கள், மணலைக் கிளறாதீர்கள், கரையிலிருந்தே பாருங்கள். தவளையைக் கையில் எடுக்கவே வேண்டாம். ஓடை மாறும்போது காலணிகளைக் கழுவி உலர்த்துங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘மைக்ரிக்சாலஸ்’ என்ற அளவில் நிறுத்தி, தேதியையும் ஓடையின் பெயரையும் உயரத்தையும் குறித்து அனுப்புங்கள்; துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவெளியில் மட்டும் தயவுசெய்து இடாதீர்கள்.