கப்பல் செவிலியர் வேலைக்கு ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள்

குடியாத்தத்தைச் சேர்ந்த செவிலியர் ஒருவர், தாயின் நகைகளை அடகு வைத்து ஏஜென்டிடம் இரண்டரை லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு, அவர் தந்த நியமனக் கடிதத்தைச் சரிபார்க்கும்படி என்னிடம் கொண்டுவந்தார். கப்பலின் பெயர் இல்லை, அது எந்த நாட்டில் பதிவானது என்ற விவரம் இல்லை, ஒப்பந்தக் காலம் இல்லை. சம்பளம் மட்டும் டாலரில் தடித்த எழுத்தில் இருந்தது. சொகுசுக் கப்பல்களின் மருத்துவப் பிரிவில் பணியாற்றிவிட்டு இப்போது வேலூரில் செவிலிய மாணவியருக்குக் கற்பித்துவரும் எனக்கு, இத்தகைய கடிதங்களைப் பார்த்துப் பார்த்து வேதனையே மிஞ்சுகிறது. பணத்தைக் கட்டுவதற்கு முன் யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா?

கப்பல் வேலைக்குக் கமிஷன் கொடுப்பது வழக்கம்தானே என்று பெற்றோரே என்னிடம் வாதிடுகிறார்கள். வழக்கம் அல்ல, அது சட்டவிரோதம். 2015இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை வாங்கித் தருவதற்காகக் கடல் பணியாளரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்குவதைத் தடை செய்கிறது. மருத்துவச் சான்றிதழ், சி.டி.சி. எனப்படும் கடல் பணியாளர் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே உங்களுடையது. விசா செலவைக் கப்பல் உரிமையாளர்தான் ஏற்க வேண்டும். கப்பலில் மருத்துவரும் செவிலியரும் கடல் பணியாளர்களே என்பதால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு. ‘பதிவுக் கட்டணம்’, ‘கோப்புச் செலவு’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது அதே கமிஷன்தான்.

அடுத்த தவறு, மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது. செவிலியரின் ஒப்பந்தம் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதங்கள். அதன்பின் வரும் விடுப்புக்குப் பல நிறுவனங்கள் சம்பளம் தருவதில்லை. ஆறு மாதப் பணி, இரண்டு மாத ஊதியமற்ற விடுப்பு என்று வைத்துக்கொண்டால், எட்டு மாதங்களுக்கு ஆறு மாதச் சம்பளமே கிடைக்கிறது. அதாவது ஓர் ஆண்டில் ஒன்பது மாத ஊதியம். மாதம் மூன்று லட்சம் என்று சொல்லப்பட்டால் ஆண்டு வருமானம் 36 லட்சம் அல்ல, 27 லட்சம். அடுத்த கப்பல் ஒதுக்கப்படத் தாமதமானால் அதுவும் குறையும். ஆனால் நகைக்கடன் வட்டி பன்னிரண்டு மாதமும் ஏறும். கப்பல் சம்பளத்துக்கு வரியே இல்லை என்று சொல்லப்படுவதும் நிபந்தனைக்கு உட்பட்டதே: ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கினால், நீங்கள் இங்கு வசிப்பவராகவே கருதப்பட்டு வரிக்கு உட்படுவீர்கள்.

வேலையும் உல்லாசப் பயணம் அல்ல. காலையும் மாலையும் கிளினிக், இடையிலும் இரவிலும் முறை வைத்து அவசர அழைப்பு, பயணிகளோடு ஊழியர்களுக்கும் சிகிச்சை. உடன்படிக்கை வரையறுக்கும் குறைந்தபட்ச ஓய்வு 24 மணி நேரத்தில் 10 மணி, ஏழு நாட்களில் 77 மணி. அதன்படி கணக்கிட்டால் வாரம் 91 மணி நேரம் வரை வேலை வாங்க இடமிருக்கிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் கப்பலில் பரவத் தொடங்கிவிட்டால் ஓய்வு நேரம் தாளில் மட்டுமே இருக்கும். நடுக்கடலில் மாரடைப்பு வந்தவரைத் துறைமுகம் சேரும்வரை நீங்கள்தான் காக்க வேண்டும் என்பதால், அவசர சிகிச்சையிலோ தீவிர சிகிச்சையிலோ சில ஆண்டு அனுபவத்தை நல்ல நிறுவனங்கள் கட்டாயம் கேட்கும். அனுபவமே தேவையில்லை என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கிய ஊர் வேலூர். இங்கு பயின்று அனுபவம் பெற்றவர்கள் வேலையை விலைக்கு வாங்க வேண்டிய நிலையில் இல்லை.

மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும், கடல் பணிக்கு ஆள் சேர்ப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் ஏஜென்டிடம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அவர் காட்டும் நகலை நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் பதவியின் பெயர், கால அளவு, விடுப்பு ஊதியம், கூடுதல் நேர ஊதியம், ஊர் திரும்பும் செலவு ஆகியவற்றைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். செவிலியர் என்று அழைத்துச் சென்று அறை சுத்தம் செய்யும் வேலையில் அமர்த்தினால், நடுக்கடலில் யாரிடம் முறையிடுவீர்கள்?

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், தங்கைகளே. வங்கிப் பரிமாற்ற விவரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் தலைமை இயக்குநரகத்திலும் எழுத்துமூலம் புகார் அளியுங்கள். பாஸ்போர்ட் ஏஜென்டிடம் இருந்தால் அதையும் புகாரில் குறிப்பிடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கத் தனியாக அவருடைய அலுவலகத்துக்குப் போகாதீர்கள்.