கேள்வித்தாளுக்கும் அனுமதி எதற்கு? நெறிமுறைக் குழு ஒரு விண்ணப்பத்தைப் படிக்கும் விதம்

ரத்தம் எடுத்தாலும் சரி, பத்துக் கேள்வி கேட்டாலும் சரி, பல்கலைக்கழக ஆய்வாளர் முதல் பங்கேற்பாளரை அணுகும் முன்பே மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். தரவைத் திரட்டி முடித்துவிட்டு விண்ணப்பிப்பவர்களுக்குப் பொதுவாக ஒரே பதில்தான்: முடிந்த ஆய்வுக்கு முன்தேதியிட்டு அனுமதி தர முடியாது. அனுமதி எண் இல்லாமல் பல ஆய்விதழ்கள் கட்டுரையைத் தொடுவதுகூட இல்லை.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932-இல் தொடங்கிய ஆய்வில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் அந்நோய்க்கு மருந்து என்று நிலைபெற்ற பிறகும் அவர்களுக்குத் தரப்படவில்லை. 1972-இல் விஷயம் செய்தித்தாளில் வந்த பிறகே ஆய்வு நின்றது. 1974-இல் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை நெறிப்படுத்தும் சட்டம் வந்தது. 1979-இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. ஆளை மதித்தல், தீங்கைக் குறைத்து நன்மையைக் கூட்டுதல், சுமையையும் பலனையும் நியாயமாகப் பங்கிடுதல் என்று அது வகுத்த மூன்று கொள்கைகள்தான் இன்றைய விண்ணப்பப் படிவங்களில் கேள்விகளாக மாறி நிற்கின்றன.

அமெரிக்க விதிப்படி குழுவில் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும். ஒருவராவது அறிவியல் துறை சாராதவர், ஒருவராவது அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர். சம்பிரதாயத்துக்குச் சேர்த்த ஆட்கள் என்று இவர்களை நினைத்துவிடக் கூடாது. ‘சமவாய்ப்பு முறையில் குழுக்களுக்கு ஒதுக்கப்படுவீர்கள்’ என்ற வரி வல்லுநருக்கு உறுத்தாது. வெளியாள்தான் நிறுத்தி, ‘உங்களுக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்க மாட்டார், குலுக்கல் முறையில் முடிவாகும்’ என்று எழுதச் சொல்வார்.

அபாயம் அன்றாட வாழ்வில் இருப்பதைவிட அதிகமில்லை என்றால் ஓரிரு உறுப்பினர்களே படித்து முடிவு சொல்லிவிடலாம். மற்றவை முழுக் குழுவுக்குப் போகும்.

ஊசியோ மாத்திரையோ இல்லாததால் கேள்வித்தாளில் அபாயமே இல்லை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் இறந்துபோனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்கிறது. ஒருவர் ‘ஏறக்குறைய தினமும்’ என்று குறிக்கிறார். பெயரில்லாத இணையப் படிவமாக இருந்தால் அவரைத் தேடிப் போக வழியே இல்லை. பெயர் வாங்கியிருந்தால், அந்தப் பதிலை யார், எத்தனை மணி நேரத்துக்குள் பார்ப்பார்கள்? தரவு ஆறு மாதம் கழித்துத்தான் திறக்கப்படும் என்றால் பெயர் வாங்கியும் பயனில்லை. குழு கேட்பது இதைத்தான். ஒன்று, அந்தக் கேள்வியை நீக்கிய எட்டுக் கேள்வி வடிவத்துக்கு மாற வேண்டும். அல்லது பதிலை உடனுக்குடன் பார்த்து உதவிக்கு அனுப்பும் ஏற்பாட்டை, பொறுப்பாளர் யார் என்பதோடு எழுதித் தர வேண்டும். படிவத்தின் அடியில் உதவி எண் அச்சிடுவது நல்லதே, ஆனால் அது மட்டும் போதாது.

அடுத்த சிக்கல் அடையாளம். ‘பெயர் கேட்கவில்லை, எனவே ரகசியம்’ என்ற வாதம் நிற்காது. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 1990 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லத்தான்யா ஸ்வீனி மதிப்பிட்டார். ஒரு துறையில் ஐம்பது வயதைக் கடந்த பெண் பேராசிரியர் ஒருவர்தான் என்றால், வயதும் பாலினமும் துறையும் சேர்ந்தாலே பெயர் சொன்ன மாதிரிதான். பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பு கேட்கலாம். ஆட்கள் மிகக் குறைவான பிரிவுகளை ஒன்றாக்கலாம். பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியலைத் தரவோடு வைக்காமல் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். இணையப் படிவம் ஐபி முகவரியையோ மின்னஞ்சலையோ தானாகச் சேமிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அமைப்பை அணைக்க மறப்பது மிகச் சாதாரணம்.

இங்கேதான் ஒரு முரண்பாடும் அடிக்கடி மாட்டும். ஒப்புதல் படிவத்தில் ‘பதில்கள் பெயரற்றவை’ என்றும், இரண்டு வரி தள்ளி ‘எப்போது வேண்டுமானாலும் உங்கள் தரவைத் திரும்பப் பெறலாம்’ என்றும் இருக்கும். யாருடையது என்றே தெரியாத தரவை எப்படித் தேடி எடுப்பது? இணைப்புப் பட்டியலை அழிக்கும் நாளைக் குறிப்பிட்டு, அதுவரை விலகினால் தரவு நீக்கப்படும் என்று எழுதுவதுதான் நேர்மை.

ஆசிரியர் தன் வகுப்பு மாணவர்களையே பங்கேற்பாளர்களாக்கினால், ‘விருப்பமிருந்தால் மட்டும்’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை. மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. வேறொருவர் அழைக்க வேண்டும். யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பது தேர்வு முடிவு வரும்வரை ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. பங்கேற்புக்கு மதிப்பெண் தந்தால், அதே நேரமும் உழைப்பும் கேட்கும் மாற்றுப் பணி ஒன்றும் இருக்க வேண்டும்.

எத்தனை பங்கேற்பாளர்கள் என்ற எண்ணிக்கையையும் நெறிமுறைக் குழு கேட்கும், அது புள்ளியியலாளரின் வேலைதானே என்று தோன்றினாலும். பங்கேற்பாளர்களின் இரு பிரிவுகளுடைய சராசரிகளை ஒப்பிட்டு, நடுத்தர அளவு வேறுபாட்டை (திட்ட விலக்கத்தில் பாதி) 80 சதவீத வாய்ப்போடு, 5 சதவீத முக்கியத்துவ மட்டத்தில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம்) கண்டுபிடிக்க ஒவ்வொரு பிரிவிலும் 64 பேர் தேவை. பிரிவுக்கு 15 பேரை வைத்து நடத்தினால் அந்த முப்பது பேரும் பெரும்பாலும் வீணாகச் சிரமப்பட்டவர்கள் ஆவார்கள்.

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெரிய ஆபத்துகளைவிடச் சின்னப் பொருத்தமின்மைகளே காரணமாகின்றன. விண்ணப்பத்தில் நேர்காணல் 20 நிமிடம், ஒப்புதல் படிவத்தில் 45. திட்டத்தில் ஒலிப்பதிவு உண்டு, படிவத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பதிவு முறை, சேமிப்புக் காலம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிட்டு அனுப்பினால் ஒரு சுற்று மிச்சமாகும்.

அனுமதி வந்த பிறகும், ஒப்புதல் பெற்ற கேள்வித்தாளில் ஒரு கேள்வியைச் சேர்க்கத் திருத்த விண்ணப்பம் தேவை. பதில் வரும்வரை பழைய தாளையே பயன்படுத்த வேண்டும். பங்கேற்பாளருக்கு உடனடி ஆபத்தைத் தவிர்க்கச் செய்யும் மாற்றம் மட்டும் விதிவிலக்கு. அதை முதலில் செய்துவிட்டு, தாமதமின்றிக் குழுவுக்குத் தெரிவிக்கலாம்.