தவழாத குழந்தையும் திரும்பிப் பார்க்காத குழந்தையும்

எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த ஒரு தந்தை, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, “டாக்டர், இவன் இன்னும் தவழவே இல்லை” என்றார். பல நாள் கவலை அந்தக் குரலில் தெரிந்தது. மேசையின் ஓரத்தில் ஒரு சிவப்பு மரக்கட்டையை வைத்தேன். குழந்தை அதைப் பார்த்தான்; பிறகு என் முகத்தைப் பார்த்தான்; அதன் பிறகு திரும்பித் தந்தையின் முகத்தைப் பார்த்து, அங்கே மறுப்பு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கையை நீட்டிக் கட்டையை எடுத்தான். வலக்கையில் இருந்ததை இடக்கைக்கு மாற்றினான், வாயில் வைத்தான், மேசையில் தட்டினான், அந்த ஒலி பிடித்துப்போக மீண்டும் தட்டினான். எந்தத் தாங்கலும் இன்றி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த அவனைப் பற்றி எனக்குக் கவலை எதுவும் எழவில்லை.

அதே வாரத்தில் சளிக்காக அழைத்துவரப்பட்ட பத்து மாதப் பெண் குழந்தையைப் பற்றி அவளுடைய பெற்றோருக்குக் கவலை எதுவும் இருக்கவில்லை. “ரொம்ப அமைதியான குழந்தை டாக்டர், கதவை அறைந்து சாத்தினாலும் தூக்கம் கலையாது” என்று தாய் பெருமையோடு சொன்னார். அவள் முதுகுக்குப் பின்னால் செவிலியர் பேசியபோதும், என் தொலைபேசி ஒலித்தபோதும் அந்தக் குழந்தை திரும்பவில்லை. மூன்று நான்கு மாதங்களில் ‘ஆ’, ‘ஊ’ என்று நன்றாக ஒலியெழுப்பிக்கொண்டிருந்தவள், அதன் பிறகு மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டாள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. பிறந்த சில நாட்களில் செய்த செவித்திறன் பரிசோதனையின் தாளில் ‘மீண்டும் செய்ய வேண்டும்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. பச்சைக் குழந்தையோடு வீடு திரும்பிய பரபரப்பில் அந்தத் தாள் கோப்புக்குள்ளேயே தங்கிவிட்டது.

குழந்தை மருத்துவப் பணியில் நான் மீண்டும் மீண்டும் காண்பது இந்த முரண்பாட்டைத்தான். குப்புறக் கவிழ்வது, தவழ்வது, நடப்பது போன்றவை பளிச்சென்று கண்ணில் படுவதாலும், உறவினர் வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட எளிதாக இருப்பதாலும், பெற்றோர் அவற்றையே நாள் வைத்து எண்ணுகிறார்கள். ஒலிக்குத் திரும்புவதும், கண்ணோடு கண் சேர்ப்பதும், இரு கைகளையும் ஒன்றுபோலப் பயன்படுத்துவதும் ஆரவாரமின்றி வருபவை. வராமல் போனாலும் அந்த இல்லாமை வீட்டில் எவர் கண்ணிலும் எளிதில் படுவதில்லை.

தவழ்வதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளைச் சேர்ந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் கட்டமே இல்லாமல் 4.3 சதவீதக் குழந்தைகள் நேராக அடுத்த கட்டத்துக்குச் சென்றிருந்தனர். சிலர் உட்கார்ந்தபடியே நகர்கிறார்கள், சிலர் வயிற்றால் ஊர்கிறார்கள், சிலர் உருண்டே அறையின் மறுமுனைக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்து நீக்கியே விட்டது.

அதே ஆய்வு வேறொன்றையும் தெளிவாக்கியது. தாங்கலின்றி உட்காருவது 3.8 மாதத்திலும் நடக்கலாம், 9.2 மாதத்திலும் நடக்கலாம். துணையின்றி நடப்பது 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஒன்பது மாதம் அகலமான வாசல் அது. ஆகவே முதல் பிறந்தநாளில் நடக்காத குழந்தையைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஆனால் வாசலுக்கு எல்லை உண்டு என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் தாங்கலின்றி உட்காரவில்லை, ஓராண்டு முடிந்தும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. 40 வாரத்துக்குப் பதிலாக 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்தால், வளர்ச்சியைப் பொறுத்தவரை அதன் வயது ஏறத்தாழ நான்கு மாதம்தான். இந்தத் திருத்திய வயதை இரண்டு வயது வரை கணக்கில் கொள்கிறோம். தடுப்பூசிகள் மட்டும் பிறந்த தேதியின்படியே போடப்படுகின்றன; இந்த வேறுபாட்டைப் பெற்றோருக்கு நாங்கள் விளக்காமல் விடுவதால் பல வீடுகளில் வீண் அச்சம் உண்டாகிறது.

கைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கைகளில்தான் நான் அதிகம் படிக்கிறேன். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் அது இறுகப் பற்றிக்கொள்வது விருப்பத்தால் நிகழ்வதன்று. அது ஓர் அனிச்சைச் செயல். மூன்று மாதம் ஆகும்போது கைகள் பெரும்பாலான நேரம் விரிந்தே இருக்க வேண்டும். நான்கு மாதத்தில் இரு கைகளும் நெஞ்சுக்கு நேரே ஒன்றையொன்று தேடிச் சந்திக்கின்றன. ஆறு மாதமளவில் பொருளை முழுக் கையால் வாரி எடுத்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறது. ஒன்பது பத்து மாதங்களில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் சிறு துணுக்கையும் எடுத்துவிடுகின்றன; பொத்தான் பேட்டரி, ஊசி, மாத்திரை ஆகியவற்றைத் தரையிலிருந்து அகற்ற வேண்டிய காலமும் அதுதான். அதன் பிறகு, எடுத்ததை வேண்டுமென்றே விடும் திறன் வருகிறது. கொடுக்கக் கொடுக்கக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்க்கும் குழந்தையைக் கண்டு பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். விரல்களை நினைத்தபோது திறக்கவும், கண்ணை விட்டு மறைந்த பொருள் எங்கோ இருக்கத்தான் செய்கிறது என்று அறியவும் அது அப்போது கற்றுக்கொண்டிருக்கிறது. முடிந்தவரை எடுத்துக் கொடுங்கள்.

இங்கே நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஏழு மாதக் குழந்தையொன்று எதை நீட்டினாலும் இடக்கையாலேயே வாங்குவதை அதன் பாட்டி எனக்குக் காட்டினார். “இடதுகைப் பழக்கம் போலிருக்கிறது” என்று அவரே விளக்கமும் சொன்னார். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம் என்று கூறி நான் அனுப்பிவைத்தேன். ஓராண்டு நிறைவதற்குள் எந்தக் குழந்தைக்கும் வலக்கை, இடக்கை என்ற விருப்பம் நிலைபெறுவதில்லை. அவ்வாறு தெரிந்தால் மறு கையில் ஏதோ தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் குழந்தையின் வலப்பக்கக் கையும் காலும் இறுக்கம் கொண்டிருந்ததை, அதன் நடை தாமதமான பிறகே கண்டறிந்தோம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் வரும் இத்தகைய தசை இறுக்கத்தை ஆறு மாதத்துக்கு முன்பேகூட அடையாளம் காண இன்று வழிகள் உள்ளன. மூளை தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் ஆற்றல் மிகுந்திருக்கும் காலத்தில் பயிற்சியைத் தொடங்குவது அந்தக் கைக்குப் பெரும் உதவி. நான் சொன்ன ஒரு சொற்றொடரால் அந்தக் குழந்தை இழந்த மாதங்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

செவிக்கு வருவோம். செவித்திறன் இல்லாத குழந்தையும் முதல் சில மாதங்களில் கூவும், சிரிக்கும், ஒலியெழுப்பும். அதனால்தான் வீட்டாருக்கு ஐயம் எழுவதில்லை. வேறுபாடு அதன் பிறகே தெரிகிறது. கேட்கும் குழந்தை ஆறு மாதத்துக்குப் பின் ‘பாபாபா’, ‘மாமாமா’, ‘தத்தத்தா’ என்று அசைகளைக் கோத்துப் பேசத் தொடங்குகிறது, கேளாத குழந்தையோ ஒலிகளைக் குறைத்துக்கொள்கிறது. பத்து மாதமாகியும் இந்த அசைக் கோவை வரவில்லை என்றால் செவித்திறன் பரிசோதனை கட்டாயம் தேவை. வீட்டில் கைதட்டிப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். முகத்துக்கு அருகே தட்டினால் காற்றின் அசைவும், முன்னால் தட்டினால் கையின் அசைவும், கதவைச் சாத்தினால் தரையின் அதிர்வும் குழந்தைக்கு எட்டிவிடுகின்றன. அது திரும்புவதைக் கண்டு காது கேட்கிறது என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பதே உலகெங்கும் பின்பற்ற விரும்பும் கால அளவு. முதற்கட்டப் பரிசோதனை, குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். மறுமுறை வரச் சொல்லியிருந்தால் தயவுசெய்து போய்விடுங்கள்.

பார்வையிலும் முகம் பார்ப்பதிலும் கவனிக்க வேண்டியவை குறைவானவை, ஆனால் முக்கியமானவை. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருப்பதே நன்றாகத் தெரியும்; பால் குடிக்கும்போது தாயின் முகம் ஏறக்குறைய அந்தத் தொலைவில்தான் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரங்களில், உங்கள் முகத்தைப் பார்த்து அதற்குப் பதிலாகச் சிரிக்கும் சிரிப்பு வருகிறது. மூன்று மாதம் முடிந்தும் அந்தச் சிரிப்பு இல்லையென்றாலும், முகத்தைக் கண்களால் பின்தொடரவில்லையென்றாலும், நான்கு மாதத்துக்குப் பிறகும் மாறுகண் தெரிந்தாலும் காட்டுங்கள். கண்மணிக்குள் வெண்மை தெரிந்தாலோ, புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாக ஒளிர்ந்தாலோ காத்திருக்காமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் வரும் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும்.

1970-களில் எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர், குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருக்கும் தாயைச் சற்று நேரம் எந்த முகபாவமும் இன்றி அசையாமல் இருக்கச் செய்தார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கைகளை நீட்டியது, ஒலியெழுப்பியது. தாயை மீட்க முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடியது. சில மாதங்களே ஆன குழந்தைகூட மறுமொழியை எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆகையால்தான் குழந்தையைப் பரிசோதிக்கும் வேளையில் தாயின் முகத்தையும் பார்க்கிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. அந்தச் சிகிச்சை குழந்தைக்கும் சேர்த்தே பயன் தருகிறது.

எந்த வயதானாலும் காத்திருக்கவே கூடாத நிலைகள் இரண்டு உண்டு. முதலாவது, வந்த திறன் மறைவது: சிரித்த குழந்தை சிரிப்பை நிறுத்துவதும், உட்கார்ந்த குழந்தை சரிவதும், அசைகளைப் பேசிய குழந்தை மௌனமாவதும் தாமதத்தைவிடக் கவலைக்குரியவை. இரண்டாவது, கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பு. பெரும்பாலும் நான்கு முதல் ஏழு மாதங்களுக்குள், தூங்கி எழுந்த சிறிது நேரத்தில், தலை திடீரெனக் குனிந்து கைகள் விரிந்து மடங்கும். ஓரிரு நொடியில் முடிந்து, சில நொடிகள் கழித்து மீண்டும் வரும். இப்படி வரிசையாகப் பல முறை நிகழும். உடல் துள்ளித் துடிக்காததால் யாரும் இதை வலிப்பென்று எண்ணுவதில்லை. வயிற்றுவலி என்றோ தூக்கிவாரிப் போடுகிறது என்றோ கருதுகிறார்கள். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நோய் இது. கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொண்டு அன்றே வாருங்கள். பத்து நிமிட விளக்கத்தில் எனக்குப் புரியாதது பதினைந்து நொடிக் காணொளியில் புரிந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவோ விசேஷப் பொம்மைகளோ தேவையில்லை. உறங்கும்போது மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும். விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, குப்புறப் படுக்க வைக்க வேண்டும். நகரத் தொடங்காத குழந்தைக்கு நாள் முழுவதிலும் பிரித்துப் பிரித்துக் குறைந்தது 30 நிமிடமாவது இது தேவை என்றும், ஓராண்டு முடியும் வரை திரை எதுவும் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஐந்தாம் மாதக் குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைப்பதைச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவதைச் சப்பாணி என்றும் பருவம் வகுத்த பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தைகளை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று பரிசோதனை அறையில் நான் பலமுறை வியந்ததுண்டு.

வாக்கர் வண்டி வாங்க வேண்டாம். அது நடக்கக் கற்றுத் தருவதில்லை. நடப்பதைத் தாமதப்படுத்தவும் கூடும். படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் அருகே குழந்தையை நொடியில் கொண்டுபோய்விடுவதால் தலைக்காயங்களுக்கும் தீக்காயங்களுக்கும் காரணமாகிறது. கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது.

உங்கள் மனத்தில் ஐயம் இருந்தால் அடுத்த தடுப்பூசி நாள் வரை அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டாம். பிறந்தபோது தந்த எல்லாத் தாள்களையும், குழந்தை விளையாடும் இரண்டு மூன்று சிறு காணொளிகளையும் எடுத்துக்கொண்டு, பசியும் தூக்கமும் இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்து வாருங்கள். பார்த்துவிட்டுப் பொறுத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், எந்தத் தேதி வரை பொறுக்க வேண்டும், அதற்குள் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் கேட்டு, அவர் கையெழுத்திலேயே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.