கச்சான் மாதங்களில் அறுந்து அறுந்து வரும் நெட்வேர்க்

ஃபைல் கொப்பி பண்ணத் தொடங்கும்போது வேகம் நன்றாகவே இருக்கும். பத்து நிமிடம் போனதும் இணைப்பு அறும், கொஞ்ச நேரத்தில் தானாக வரும், திரும்பவும் அறும். இலங்கையின் கிழக்கே காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து வீடியோ ஸ்டூடியோக்களில் இருந்து இந்த முறைப்பாடு அதிகம் வருவது, சூடான வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில்தான். கேபிளை மாற்றுவார்கள், சுவிட்ச்சை மாற்றுவார்கள், விண்டோஸைக்கூடத் திரும்பப் போடுவார்கள். கணினிக்குள் இருக்கும் நெட்வேர்க் கார்ட் சூடாகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

செக்கனுக்கு 1 கிகாபிட் வேகமுள்ள சாதாரண கார்ட்டுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. சிக்கல் 10 கிகாபிட்டில். மலிவாகக் கிடைக்கிற பாவித்த கார்ட்களில் பல, சேர்வரில் இருந்து கழற்றியவை. இன்டெல் எக்ஸ்540 மாதிரி இரண்டு போர்ட் கார்ட் 10 வாட்டுக்கு மேல் இழுக்கும். சேர்வருக்குள் பலமான ஃபேன்கள் ஓயாமல் காற்றைத் தள்ளும். அந்தக் காற்றை நம்பித்தான் கார்ட்டில் ஃபேன் இல்லாமல் வெறும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) வைத்திருக்கிறார்கள். அதையே மேசைக் கணினியில், கிராஃபிக்ஸ் கார்ட்டுக்கு ஒட்டினாற்போல் செருகினால் என்ன ஆகும்? இப்படியான கார்ட்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு, சுற்றியுள்ள காற்று 55 பாகை. நம் அறையே 35 பாகையில் இருக்கும்போது பெட்டிக்குள் அந்த எல்லையைத் தொட அதிக நேரம் எடுக்காது.

சரி, சூடுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? பக்க மூடியைக் கழற்றி, மேசை ஃபேன் ஒன்றைக் கார்ட்டை நோக்கி வைத்துவிட்டு அதே ஃபைலைத் திரும்பக் கொப்பி பண்ணிப் பாருங்கள். இணைப்பு அறாவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் மூடியை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டாம், தூசி இன்னும் மோசமாகச் சேரும். கார்ட்டை வேறு ஸ்லொட்டுக்கு மாற்றி, ஹீட்சிங்குக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் பூட்டினாலே பெரும்பாலும் போதும். பழைய கார்ட் என்றால் ஹீட்சிங்கைக் கழற்றி, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் மாற்றுங்கள். பசையால் ஒட்டியிருந்தால் நெம்பாதீர்கள், சிப் கையோடு வந்துவிடும்.

சில 10 கிகாபிட் கார்ட்களில், மொடியூல் செருகிப் பாவிக்கிற எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் இருக்கும். அதில், சாதாரண நெட்வேர்க் கேபிளைச் செருகுவதற்கான ஆர்ஜே45 மொடியூல் போடுவதை நான் விரும்புவதில்லை. அது தனியாகவே 2.5 வாட் அளவு எடுக்கும், தொட்டால் கை சுடும். ஒரே அறைக்குள் என்றால் இரு முனையிலும் மொடியூல் பொருத்தி வருகிற செப்பு டாக் கேபிள் போதும், அதில் சூடே இல்லை என்று சொல்லலாம். தூரமென்றால் ஒளியால் தரவு அனுப்பும் ஃபைபர் கேபிள்.

கடற்கரைப் பக்கம், மட்டக்களப்பின் கல்லடி மாதிரி இடங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். உப்பு படிந்த தூசி ஈரத்தைப் பிடித்து ஹீட்சிங்கின் இடுக்குகளை அடைத்துவிடும். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே கணினியை வைக்காதீர்கள். புளோவரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பெயாரிங் போய்விடும்.

முக்கியமானது மின்வெட்டு. 2022இல் சில நாட்கள் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். இப்போது அப்படி இல்லை, ஆனாலும் போகிறது. கரண்ட் போனால் யூபிஎஸ் கணினியை ஓட வைக்கும், ஏசியை ஓட வைக்காது. கதவு சாத்திய சின்ன அறையில் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைக் கணினியில் பொருத்தி, கரண்ட் போய்ச் சில நிமிடங்களில் கணினி தானாக நிற்கும்படி அமைத்துவிடுங்கள். பெட்டரி இன்னும் ஒரு மணித்தியாலம் தாங்கும் என்றாலும் நிறுத்துங்கள்.