எச்சமும் தொடுகையும்: புரதத்துக்குள் இரண்டு சொற்கள்

"மிஸ், எச்சம்னா காக்கா போடறதுதானே?"

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் நான் பாடம் சொல்லித்தரும் மாடி அறையில், உயிர்வேதியியல் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள். அவள் கையிலிருந்த குறிப்பில் 'அமினோ அமில எச்சங்களுக்கு இடையிலான தொடர்புகள்' என்று தலைப்பு. ரெசிடியூ என்பதற்கு எச்சம், கான்டாக்ட் என்பதற்குத் தொடர்பு. யாரோ அகராதியைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். எச்சம் அருமையாக வாய்த்துவிட்டது. தொடர்பு மட்டும் படிப்பவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. ஏன் என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம்.

காக்கை எச்சமும் இதே எச்சம்தான், அதில் தவறில்லை. அஞ்சு என்ற வினையிலிருந்து அச்சம் வந்தது, மிஞ்சு என்பதிலிருந்து மிச்சம் வந்தது. அதே வழியில் எஞ்சு என்பதிலிருந்து எச்சம். எஞ்சி நிற்பது எதுவோ அது எச்சம். உண்டது போக எஞ்சியதும் எச்சம், ஒருவர் வாழ்ந்து முடித்தபின் விட்டுப்போகும் பிள்ளைகளும் புகழும் எச்சம். திருக்குறளில் தக்கார், தகவிலர் என்பது அவரவர் எச்சத்தால் தெரியும் என்று வரும் இடத்தில் உரையாசிரியர்கள் பேசுவது இந்தப் பொருளைத்தான். எச்சில் என்பதும் இந்தக் குடும்பத்துச் சொல். பறவையோடு மட்டும் இந்தச் சொல்லைக் கட்டிப்போட்டது நம் அன்றாடப் பேச்சு.

ரெசிடியூ என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பின்தங்கி உட்கார்ந்திருத்தல்' என்பது அங்கே மூலப் பொருள். ரெசிடென்ட் என்று நாம் சொல்லும் குடியிருப்பவரும் அதே வேரிலிருந்து வந்தவர்தான். எல்லாம் போன பிறகும் உட்கார்ந்திருப்பது ரெசிடியூ.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. சரி, அதில் எது போகிறது, எது எஞ்சுகிறது? தண்ணீர் போகிறது. இரண்டு அமினோ அமிலங்கள் கைகோக்கும்போது ஒன்றின் கார்பாக்சில் முனை ஓர் ஆக்சிஜனையும் ஒரு ஹைட்ரஜனையும் இழக்கும், மற்றதன் அமினோ முனை ஒரு ஹைட்ரஜனை இழக்கும். மூன்றும் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறாக வெளியேறிவிடும். நடுவில் உண்டாவது பெப்டைடு பிணைப்பு. தனியாக இருக்கும் கிளைசினின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 75. சங்கிலிக்கு நடுவே அது உட்கார்ந்துவிட்டால் 57 தான், நீரின் 18 போய்விட்டது. சங்கிலியில் இருப்பது முழு அமினோ அமிலம் இல்லை என்பதால்தான் அதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

தமிழ்ச் சொல் மூலச் சொல்லைவிட ஒரு படி மேலே போவது இந்த இடத்தில்தான். நம் இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என்று படித்திருக்கிறோம். 'வந்த' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்துக்கொண்டிருப்பார். வந்த யார்? வந்த என்ன? 'வந்த பையன்' என்றால்தான் முடியும். 'வந்து' என்றால் 'உட்கார்ந்தான்' என்று ஒரு வினை வேண்டும். பொருள் முடிய இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்கும் சொல்லுக்கு எச்சம் என்று பெயர் வைத்தார்கள். தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்று பெயர். சங்கிலியில் உள்ள அமினோ அமில எச்சத்தைத் தனியே வரைந்து பாருங்கள். இடது பக்கம் நைட்ரஜனில் ஒரு கோடு வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும், வலது பக்கம் கார்பனில் ஒரு கோடு. இரண்டு பக்கமும் பக்கத்தில் வருபவரை எதிர்பார்த்து நிற்கிறது. ரெசிடியூ என்ற சொல் போனதை மட்டும் சொல்கிறது. எச்சம் என்ற சொல் தமிழ் படித்தவர் காதில் வரவேண்டியதையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு இதைச் சொன்னதும், "அப்போ தனி அமினோ அமிலம் முற்று, சங்கிலியில இருக்கறது எச்சம்" என்றாள். இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

அடுத்தது கான்டாக்ட். இதுவும் லத்தீன்தான். 'சேர்ந்து' என்ற முன்னொட்டும் 'தொடு' என்ற வினையும் இணைந்தது. டேன்ஜென்ட் என்ற கணக்குச் சொல்லுக்கும் அதே வினைதான் வேர். டேன்ஜென்டுக்குப் பள்ளிக்கூடத்திலேயே நாம் தொடுகோடு என்கிறோம். அங்கே தொடு என்று ஒப்புக்கொண்ட பிறகு, இங்கே தொடுகை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

தொடர்பு என்ற சொல்லோடு எனக்குள்ள வருத்தம் பெரியது. தொடர்பின் வினை தொடர். அடுத்தடுத்து வருவது தொடர். புரதச் சங்கிலியில் 41-வது எச்சமும் 42-வது எச்சமும் தொடர்ந்து நிற்பவை. ஒவ்வோர் எச்சத்துக்கும் நடுவில் பக்கக்கிளை கிளைக்கும் கார்பன் அணுவுக்கு ஆல்ஃபா கார்பன் என்று பெயர். அடுத்தடுத்த இரண்டு எச்சங்களின் ஆல்ஃபா கார்பன்களுக்கு நடுவே பெரும்பாலும் 3.8 ஆங்ஸ்ட்ராம்தான் இருக்கும். ஒரு சென்டிமீட்டரில் 10 கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும் என்றால் அந்த நெருக்கம் புரியும். ஆனால் அந்த நெருக்கத்தில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, எல்லாப் புரதத்திலும் அப்படித்தான். ஆராய்பவர் தேடுவது சங்கிலியில் எங்கோ தள்ளி இருந்தும், மடிந்ததால் பக்கத்தில் வந்து உட்கார்ந்த எச்சங்களை. தொடர்பு என்று எழுதினால், கணக்கிலிருந்து விலக்க வேண்டியதையே பெயராக வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இதை விளக்க, கீழே தெருமுனையில் பூ விற்கும் அம்மாவிடம் இரண்டு முழம் மல்லி வாங்கி வரச் சொன்னேன். பத்து மல்லிக்கு ஒரு கனகாம்பரம் வைத்துக் கட்டியிருந்தார், எண்ணுவதற்கு வசதி. கூடையில் ஈரத்துணிமேல் கிடப்பது உதிரிப்பூ, நாரில் முடிச்சுப் போட்டபின் அது சரத்தின் பூ. அமினோ அமிலத்துக்கும் எச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அப்புறம் சரத்தைத் தட்டில் வட்டமாகச் சுருட்டினோம். முதல் கனகாம்பரத்தின்மேல் நாலாவது கனகாம்பரம் சாய்ந்து கிடந்தது. நாரின் வழியே போனால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு முழம், தட்டிலோ இடைவெளியே இல்லை. நாரின் வழி தூரம் தொடருக்கு உரியது, தட்டில் உள்ள நெருக்கம் தொடுகைக்கு உரியது.

நிஜப் புரதத்தில் பார்க்க, நம் கணையம் தரும் கைமோடிரிப்சினை எடுத்துக்கொள்ளலாம். காசிமேட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டபின் அந்த மீன் புரதத்தைக் குடலில் வெட்டும் நொதிகளில் அதுவும் ஒன்று. வெட்டும் வேலையைச் செய்வது மூன்று எச்சங்கள்: 57-ல் ஹிஸ்டிடின், 102-ல் ஆஸ்பார்டிக் அமிலம், 195-ல் செரின். எண்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தூரம். மடிந்த வடிவத்தில் மூன்றும் ஒரே பள்ளத்தில் கைக்கெட்டும் நெருக்கத்தில் இருக்கின்றன. அந்தத் தொடுகைகளைக் கலைத்தால் வெட்டும் வேலை நின்றுவிடும்.

எவ்வளவு நெருங்கினால் தொடுகை என்று கொள்வது? அளவுகோல் வேலையைப் பொறுத்தது. ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்களில் ஏதாவது இரண்டு 4.5 அல்லது 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்று சிலர் கொள்கிறார்கள். பீட்டா கார்பன்கள், அதாவது பக்கக்கிளையின் முதல் கார்பன்கள், இரண்டும் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் போதும் என்பது இன்னொரு வழக்கம். கிளைசினுக்குப் பீட்டா கார்பன் கிடையாது, அதற்கு மட்டும் ஆல்ஃபா கார்பனை எடுத்துக்கொள்வார்கள். சங்கிலியில் 24 இடமோ அதற்கு மேலோ தள்ளியிருப்பவை தொட்டால் நெடுந்தொலைவுத் தொடுகை என்று தனியாக வைக்கிறார்கள். புரதத்தின் மடிப்பைக் கணிப்பதில் மிகவும் மதிப்புள்ள தகவல் அதுதான்.

தொடுகை என்றால் தூரக் கணக்கு மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொட்ட எச்சங்களுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கலாம், எதிரெதிர் மின்னூட்டம் ஈர்க்கும் உப்புப் பாலம் இருக்கலாம், நீரை விலக்கும் பக்கக்கிளைகள் ஒட்டியிருக்கலாம். அவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் இடைவினை. தொடுகையை முதலில் அளந்துவிட்டு, இடைவினை எது என்று அப்புறம் பார்ப்பார்கள்.

இந்தத் தொடுகைக் கணக்குக்கு நம் ஊரில் பெரிய வரலாறு உண்டு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். அங்கே சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் வேலை செய்தார். 1963-ல் அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் வெளியிட்ட வரைபடத்தின் அடிப்படையே தொடுகைத் தூரம். பிணைப்பில்லாத இரண்டு கார்பன் அணுக்கள் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்கக் கூடாது, மிஞ்சிப்போனால் 3.0. இப்படி ஒவ்வோர் அணு இணைக்கும் ஓர் எல்லை வைத்து, எந்தெந்தக் கோணங்களில் சங்கிலி இடிபடாமல் திரும்பும் என்று கணக்கிட்டார்கள். உலகம் முழுக்கப் புதிய புரத வடிவம் சரியா என்று பார்க்க இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தைப் போடுகிறார்கள்.

தொடுகை இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவிலும் நடக்கும். அரிவாள் உயிரணு நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருக்கும். ஆக்சிஜனை விட்டுவிட்ட நிலையில், அந்த வாலின் எச்சம், பக்கத்து மூலக்கூறின் 85-வது ஃபீனைல்அலனினும் 88-வது லியூசினும் சேர்ந்து அமைத்த குழியில் போய்ப் பொருந்தும். அந்தத் தொடுகையால் மூலக்கூறுகள் இழையிழையாக அடுக்கி, சிவப்பணுவையே வளைத்துவிடும்.

இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதும்போது எச்சத் தொடுகை, எச்சங்களிடைத் தொடுகை. கான்டாக்ட் மேப் என்பதற்குத் தொடுகைப் படம் என்று வைத்துக்கொண்டோம். கட்டத்தாளில் கிடையாகவும் செங்குத்தாகவும் அதே எச்ச எண்களை எழுதி, தொடும் இணைக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தால் அதுதான் தொடுகைப் படம். சங்கிலி திருகுபோலச் சுற்றிய ஆல்ஃபா சுருளில் ஓர் எச்சம் நாலு இடம் தள்ளியிருப்பதோடு பிணைவதால், புள்ளிகள் மூலைவிட்டத்தை ஒட்டிப் பட்டையாக விழும்.

கடைசியில் அந்தப் பெண் மல்லிச் சரத்தில் 40 பூவை எண்ணி, சரியாக நடுவில் மடித்து, இரண்டு பாதியையும் ஒட்டிப் படுக்கவைத்தாள். 1 தொடுவது 40-ஐ, 2 தொடுவது 39-ஐ, 3 தொடுவது 38-ஐ. கட்டத்தாளில் புள்ளிகள் மூலைவிட்டத்துக்குக் குறுக்கே, அதற்குச் செங்கோணத்தில் இறங்கின. கொண்டை ஊசி போல மடிந்த பீட்டா இழைகள், அதாவது சுருளாமல் நீண்டு கிடக்கும் சங்கிலித் துண்டுகள், தொடுகைப் படத்தில் இப்படித்தான் தெரியும். பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, தாளின் மேலே 'தொடுகைகள்' என்று எழுதிப் பைக்குள் வைத்தாள்.