பிஸ்கட் டின்னில் இருந்த 21 சீட்டுகள்

போன வருடம் அலுவலகச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று ஒரு சின்னத் தேர்தல் வைத்தோம். 21 பேர், நான்கு இடங்கள். இலங்கை ஜனாதிபதித் தேர்தல் மாதிரியே விருப்பு வரிசையில் 1, 2, 3 என்று இலக்கமிட்டு, சீட்டை மடித்து ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். மென்பொருள் சோதனை என் தொழில் என்பதால் எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. சீட்டுகளைக் கணினியில் பதிந்து, இணையத்தில் கிடைத்த ஓர் ஆயத்த நிரலை ஓடவிட்டேன். யாழ்ப்பாணம் என்றது. அறிவித்துவிட்டேன்.

கணக்குப் பிரிவு அக்கா விடவில்லை. "தம்பி, நுவரெலியாவுக்குத்தானே கூட விழுந்தது?" என்று கேட்டுக்கொண்டே சாப்பாட்டு மேசையில் டின்னைக் கவிழ்த்தார்.

முதல் விருப்பில் நுவரெலியாவுக்கு 8, பாசிக்குடாவுக்கு 6, யாழ்ப்பாணத்துக்கு 4, காலிக்கு 3. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி முதல் இரண்டு இடத்தைத் தவிர மற்றவை ஒரேயடியாக வெளியே. அந்த 7 சீட்டுகளிலும் அடுத்த விருப்புகளைப் பார்த்தால் 5 நுவரெலியாவுக்கு, 2 பாசிக்குடாவுக்கு. ஆக 13க்கு 8, நுவரெலியா வெற்றி. என் நிரலோ கடைசியில் நிற்பதை மட்டும் ஒவ்வொன்றாக நீக்கியது. முதலில் காலி போனது. அதன் 3 சீட்டும் யாழ்ப்பாணத்துக்குப் போய் அது 7 ஆனது. இப்போது கடைசியில் நிற்பது பாசிக்குடா. அதன் 6 சீட்டில் 5 யாழ்ப்பாணத்துக்கு, 1 நுவரெலியாவுக்கு. 12க்கு 9, யாழ்ப்பாணம் வெற்றி.

அதே 21 சீட்டுகள்தான். யாரும் களவெடுக்கவில்லை, கூட்டலிலும் பிழை இல்லை. நிரலை எழுதியவர் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் சில நகரங்களிலும் உள்ள முறையை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், நான் அதைப் பார்க்காமல் எடுத்துப் போட்டுவிட்டேன். சோதனைதான் என் தொழில் என்று மேலே எழுதியதை இப்போது வாசிக்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

கணினி எண்ணிக்கை என்றதும் எல்லோரும் கேட்பது 'ஹேக் பண்ணலாமா?' என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் எனக்குத் தொழிலில் அதிகம் மாட்டுவது அமைப்பில் ஒரு தெரிவு மாறிக் கிடப்பது, பரீட்சார்த்தத் தரவு உண்மைத் தரவோடு கலந்துவிடுவது போன்ற சின்ன விஷயங்கள். நியூயோர்க்கில் 2021 ஜூனில் மேயர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் நடந்தது இதுவே. சோதனைக்காகப் போட்ட சுமார் 1,35,000 வாக்குகளை அழிக்காமலே விருப்பு எண்ணிக்கையை ஓட்டி வெளியிட்டார்கள். தேர்தல் இரவு சொன்ன மொத்தத்தைவிட ஒரு இலட்சத்துக்கு மேல் கூடியிருந்ததால் கேள்வி எழுந்தது, அன்றே முடிவை மீளப் பெற்றார்கள்.

அதாவது மொத்தம் காட்டிக் கொடுத்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2022 நவம்பரில் பாடசாலைச் சபைத் தேர்தல். முதல் விருப்பை வெறுமையாக விட்டவரின் இரண்டாம் விருப்பை உடனே முதலாவதாக எடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் விதி. இயந்திரத்தில் அந்தத் தெரிவு பிழையாகப் போடப்பட்டிருந்தது. தோற்றவர் வென்றதாக அத்தாட்சிப்படுத்தப்பட்டு, வாரக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. வாக்குப் பதிவுகள் பொதுவில் வெளியிடப்பட்டிருந்ததால் வெளியாட்கள் திரும்பக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். திருத்த நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. (நம் ஜனாதிபதித் தேர்தலில் முதல் விருப்பு இல்லாத சீட்டு நிராகரிக்கப்படும். ஊருக்கு ஊர் விதி வேறு. நிரலுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்.)

இலங்கையில் இன்னும் வாக்கெண்ணும் நிலையத்தில் முகவர்களின் கண்முன் கையால்தான் எண்ணுகிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் இந்த விருப்பு முறை 1982 முதல் இருந்தாலும் 2024 செப்டம்பரில்தான் இரண்டாம் எண்ணிக்கைக்கு முதன்முதலாகத் தேவை வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு முதலில் 56,34,915, சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. மற்ற வேட்பாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து 33 இலட்சத்துக்குச் சற்று மேல். அந்தச் சீட்டுகளைத் திரும்பப் பார்த்தபோது அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867. அவ்வளவுதான். 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளில் இந்த இருவரில் எவருக்கும் செல்லுபடியான அடுத்த விருப்பு இருக்கவில்லை. வெற்றி பெற்றவருக்கு 55.89 வீதம் என்று நாம் வாசித்தது இந்த இருவருக்கும் எஞ்சிய வாக்குகளில் கணக்கிட்டது. செல்லுபடியான மொத்த வாக்குகளில் பார்த்தால் 43 வீதம். இதில் மோசடி எதுவும் இல்லை, முறையே அப்படித்தான். ஆனால் விருப்பு வாக்கு என்றால் வென்றவருக்குப் பாதிப் பேரின் ஆதரவு உண்டு என்று மேடையில் சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமியின் சீட்டும் அந்த 30 இலட்சத்தில் ஒன்று. "நான் ஒரு ஆளுக்குத்தான் போடுறது. மற்ற ஆளுக்கு ஏன் குடுக்க வேணும்?" என்றார். அவரிடம் இரண்டாவதை இட்டால் முதலாவது பலவீனமாகாது என்று விளக்கப் போய் ஒரு பிளேன்டீ முழுதும் ஆறிப்போனது. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாராளுமன்றத் தேர்தலிலும் 'விருப்பு வாக்கு' என்கிறோம். அங்கே கட்சிக்குப் புள்ளடி (X), பிறகு மூன்று பேர் வரை அவர்களின் இலக்கங்களுக்கும் புள்ளடி, வரிசை கிடையாது. ஜனாதிபதித் தேர்தலில் வரிசைதான் எல்லாம். ஒருவருக்கு மட்டும் போடுவதானால் ஒரே புள்ளடியோ 1 என்ற இலக்கமோ போதும். வரிசைப்படுத்துவதானால் 1, 2, 3 என இலக்கங்கள் மட்டும். புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்கப் போகாதீர்கள்.

சரி, நாளைக்கு இங்கேயும் இயந்திரம் வந்தால்? இரண்டாம் எண்ணிக்கைக்கு முதல் இருவர் யார் என்று நாடு முழுவதும் தெரிய வேண்டும், அதன் பிறகுதான் நிலையங்கள் சீட்டுகளைத் திரும்பப் பிரிக்க முடியும். நேரம் எடுக்கும் இந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கச் சொல்லும் குரல்கள் எழும், அது எனக்கும் விளங்குகிறது. கொடுக்கட்டும். ஆனால் வாக்காளர் கையால் குறித்த கடதாசி இருக்க வேண்டும். எழுமாறாகச் சில கட்டுகளை எடுத்து, கணினியின் கணக்கைப் பார்க்காமலே கையால் எண்ண வேண்டும். தேர்தலுக்கு முன்பே, முதல் விருப்பு வெறுமையான சீட்டு, இரண்டு 1 இட்ட சீட்டு என்று விடை தெரிந்த ஒரு கட்டைக் கட்சி முகவர்கள் முன்னிலையில் இயந்திரத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதையும் பிறகு மறக்காமல் அழிக்க வேண்டும்!

சுற்றுலா நுவரெலியாவுக்குப் போனது. டின் இப்போது அக்காவின் மேசையில் இருக்கிறது. இந்த வருடமும் சீட்டுப் போடலாமாம், ஆனால் எண்ணுவதற்கு என்னை விடமாட்டாராம்.