ஆடியில் சாகும் பேட்டரிகள்

ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்த கையோடு கேமரா பழுது பார்க்கும் கடைகளுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "ஆனியில நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி, இப்ப மாலை மாத்துறதுக்குள்ள ஒரு பேட்டரி போயிருது." கேமராவைப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இருக்காது. நிறைய படம் எடுத்துத் தேய்ந்துவிட்டது என்று போட்டோகிராபர் நினைப்பார். ஆனால் அந்த பேட்டரி வேலை செய்து தேய்ந்ததைவிட, முழு சார்ஜோடு சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம்.

நம் ஊரில் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கல்யாணம் இல்லாத மாதங்கள். கடைசி ஆர்டர் முடிந்ததும் எல்லா பேட்டரியையும் ஃபுல் சார்ஜ் போட்டு, பையில் வைத்து, பையை மாடி அறைப் பரணில் ஏற்றிவிடுவது வழக்கம். ஒரு ஆடி பேட்டரியைக் கொன்றுவிடாது. மூன்று வருடத்தில் ஒன்பது மாதம் இப்படிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு.

கேமரா பேட்டரிக்குள் பெரும்பாலும் இரண்டு லித்தியம் அயான் செல்கள் தொடராக இருக்கும். ஒரு செல் ஃபுல் சார்ஜில் 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்து 8.4. அந்த நிலையில் உள்ளே ரசாயன அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. எலக்ட்ரோலைட் என்ற உள்திரவம் மெல்ல மெல்ல மின்முனைகளோடு வினைபுரிந்து, கிராஃபைட் மின்முனையின் மேல் ஒரு படலமாகத் தடித்துக்கொண்டே போகும். கூடவே கொஞ்சம் வாயுவும் உண்டாகும். பேட்டரி உப்புவது அதனால்தான். வெயில் கூடக்கூட இது வேகமெடுக்கும். பேட்டரித் துறையில் பரவலாகக் காட்டப்படும் கணக்கு இது: 40 சதவீத சார்ஜில் 25 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவில் சுமார் 4 சதவீதம் போகும். ஃபுல் சார்ஜில் 40 டிகிரியில் வைத்தால் சுமார் 35 சதவீதம். பாளையங்கோட்டையில் தகரம் போட்ட மாடி அறை சித்திரை மதியத்தில் 40-ஐச் சாதாரணமாகத் தாண்டும். பைக் பெட்டியையும் கார் டேஷ்போர்டையும் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதனால் சீசன் முடிந்ததும் செய்ய வேண்டியது, பேட்டரியைப் பாதி சார்ஜில் நிறுத்துவது. கேனான் எல்பி-இ6 வகைக்கு வரும் எல்சி-இ6 சார்ஜரில் இது சுலபம். ஆரஞ்சு விளக்கு வினாடிக்கு ஒருமுறை மின்னினால் 50 சதவீதத்துக்குக் கீழே, இரண்டு முறை மின்னினால் 50-ஐத் தாண்டியாயிற்று, மூன்று முறை என்றால் 75-க்கு மேல். இரண்டு மின்னல் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். மற்ற சார்ஜர்களில், சதவீதம் காட்டும் கேமராவில் போட்டுப் பார்க்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: இரண்டு செல் பேட்டரியில் 7.5 முதல் 7.7 வோல்ட் வரை காட்டினால் ஏறக்குறைய பாதி. மீட்டர் முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலியாக வைப்பதும் இதே அளவு கெடுதல். செல்லின் வோல்ட்டேஜ் மிகவும் கீழே இறங்கிக் கிடந்தால் உள்ளே உள்ள தாமிரத் தகடு கரையத் தொடங்கும். பாதுகாப்பு சர்க்யூட் அதற்கு முன்பே வெளித் தொடர்பைத் துண்டித்துவிடும். அப்புறம் சார்ஜரில் போட்டால் விளக்கு வேகமாக மின்னும், ஏற்காது. அப்படிப்பட்ட பேட்டரிக்கு 9 வோல்ட் பேட்டரியால் 'ஷாக்' கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், சில சமயம் எழவும் எழும். கரைந்த தாமிரம் மறு சார்ஜில் உள்ளேயே கண்டபடி படிந்து ஷார்ட் ஆகலாம் என்பதால், அந்த உயிர்ப்பித்த பேட்டரியை மண்டபத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் பந்திக்குப் போகும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. சும்மா இருக்கும் கேமராவும் அணைத்த நிலையில் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். ஆகவே கழற்றி வையுங்கள். திரும்பப் போடும்போது தேதி, நேரம் கேட்டால் பதற வேண்டாம், உள்ளே இருக்கும் சிறு கடிகார பேட்டரி இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

வைக்கும் இடம்: கீழ் வீட்டில் வெயில் படாத அறை, பீரோவின் கீழ்த் தட்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். அரிசி டிரம்முக்குள் புதைப்பதில் பயன் இல்லை, தவிட்டுத் தூசி டெர்மினல் (மின்சாரம் பாயும் உலோகத் தொடுமுனை) பள்ளத்தில் ஏறும். ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சார்ஜில் நிழலில் வைத்தாலே போதும். வைத்தே தீருவேன் என்றால் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு, எடுத்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் பையைத் திறக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் வியர்த்து டெர்மினலில் நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வோல்ட்டேஜ் பார்த்து, 7.2-க்குக் கீழே போயிருந்தால் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.

பேட்டரியோடு வரும் பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்துவிடாதீர்கள். சில்லறையோடும் சாவியோடும் பேட்டரியைப் பாக்கெட்டில் போட்டு தொடை சுட்ட கதை தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எல்பி-இ6 மூடியில் ஒரு ஓட்டை இருக்கும். ஒரு பக்கமாகப் போட்டால் அதன் வழியே பேட்டரியில் உள்ள நீல ஸ்டிக்கர் தெரியும், திருப்பிப் போட்டால் தெரியாது. நீலம் தெரிந்தால் சார்ஜ் ஆனது என்று வைத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. குலசை தசராவில் நெரிசலுக்குள் நின்று பேட்டரி மாற்றும்போது இதன் அருமை தெரியும்.

கடற்கரை ஊர்களில் எடுத்துவிட்டு வந்தால் டெர்மினலைப் பாருங்கள். திருச்செந்தூர், உவரி உப்புக் காற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காதுக்குச்சியை நனைத்து, பேட்டரியையும் கேமரா பக்கத்துப் பின்களையும் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேலே உள்ள முலாம் போய், அடுத்த மாதம் இன்னும் வேகமாகப் பூக்கும். தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கு உலர்ந்த பிரஷ் முதலில், ஆல்கஹால் பிறகு.

இனி வாங்குவது. ஸ்பேர் பேட்டரியில் விலைக்கு முன்பு பார்க்க வேண்டியது தேதி. இந்தியாவில் 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, இறக்குமதிப் பொருளின் அட்டையில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம் வருடம், எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கரே இல்லாத 'ஒரிஜினல்' நேர்வழியில் வந்த சரக்கு அல்ல. கடை அலமாரியில் இரண்டு வருடம் வெந்து கிடந்த பேட்டரி பாதி விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான். லித்தியம் பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) கட்டாயப் பதிவு உண்டு. லேபிளில் பிஐஎஸ் குறியும் ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கொள்ளளவு. கேனான் 1500டி-யில் போடும் எல்பி-இ10 பேட்டரி 860 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்). அதே அளவுக் கூட்டுக்குள் 1800 என்று அச்சடித்திருந்தால் அந்த எண்ணை அச்சடித்தவருக்கு மட்டும்தான் லாபம். சோனி என்பி-எஃப்இசட்100, நிக்கான் இஎன்-இஎல்15சி இரண்டுமே 2280 எம்ஏஎச், எடை சுமார் 80 கிராம். நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையல் தராசு போதும். பதினைந்து இருபது கிராம் குறைந்தால் உள்ளே சின்ன செல்.

கடையிலேயே கேமராவில் போட்டுப் பாருங்கள். அழுத்தம் கொடுக்காமல் இறங்கி, கிளிப் 'டக்' என்று பிடிக்க வேண்டும். இறுக்கமாகப் போகும் டூப்ளிகேட் கொஞ்சம் உப்பினாலே உள்ளே மாட்டிக்கொள்ளும். மெனுவில் பேட்டரித் தகவல் பக்கம் திறக்கிறதா? நிக்கானில் பேட்டரி வயது 0 முதல் 4 வரை காட்டும், புதிது 0 காட்ட வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததும் 7.2-க்கு மேல் வோல்ட் இருப்பது இயல்பு. தனியாக விமானச் சரக்கில் வரும் லித்தியம் அயான் பேட்டரி 30 சதவீத சார்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2016 ஏப்ரல் முதல் விதி, அதனால் பாதிக்கும் கீழேதான் இருக்கும். 6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் வாங்காதீர்கள், ரொம்ப நாள் கிடந்திருக்கிறது.

கம்பெனி பேட்டரியா, வேறு பிராண்டா? ஒன்று கம்பெனியுடையது, மற்றது பில்லும் வாரண்டியும் உள்ள நல்ல வெளி பிராண்ட் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. தாலி கட்டும் நேரத்துக்குக் கம்பெனி பேட்டரி, வரவேற்புக்கு மற்றது. கேமராவுக்கு உள்ளேயே யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் போடும் எண்ணம் இருந்தால் எழுத்தைக் கவனியுங்கள்: கேனான் ஆர்5, ஆர்6-ல் எல்பி-இ6என், எல்பி-இ6என்எச் ஏறும், பழைய எல்பி-இ6 ஏறாது. நிக்கான் இசட் கேமராக்களில் இஎன்-இஎல்15பி, சி ஏறும், அதற்கு முந்தையவை ஏறாது.

எத்தனை வேண்டும்? மிரர்லெஸ் கேமராவில் போட்டோ மட்டும் என்றால் உள்ளே ஒன்று, பையில் இரண்டு. வீடியோவும் என்றால் இன்னும் ஒன்று. தள்ளுபடி என்று ஆறு வாங்கி அடுக்காதீர்கள். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் வயது ஏறும் பொருள் இது. வாங்கியதும் மாதம், வருடத்தை மார்க்கரில் எழுதி, எண் போட்டு, சுழற்சியாகப் பயன்படுத்துங்கள். முதல் சார்ஜ் எட்டு மணி நேரம், காலியாக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் நிக்கல் காட்மியம் காலத்து வழக்கம். லித்தியத்துக்கு முழுக் காலியாக்குவதுதான் கெடுதல். கையில் சூடு தெரியும் பேட்டரியை அரை மணி நேரம் ஆற விட்டு ஏற்றுங்கள்.

ஃபிளாஷுக்குப் போடும் டபுள்-ஏ செல்கள் வேறு சாதி. நிக்கல் மெட்டல் ஹைட்ரைட், ஒன்று 1.2 வோல்ட். இவற்றைச் சார்ஜ் ஏற்றியே வைக்கலாம். 2500 எம்ஏஎச் என்று பெரிய எண் போட்டதைவிட, சார்ஜ் தானாக எளிதில் இறங்காத 2000 எம்ஏஎச் வகை கோவில் கொடைக்கு நல்லது. வில்லுப்பாட்டு தொடங்கி விடியும்வரை நிற்க வேண்டுமே. நான்கு நான்காக அ, ஆ, இ என்று எழுதி, ஒரு செட்டை மற்றதோடு கலக்காதீர்கள். நலிந்த செல் முதலில் காலியானதும் மற்ற மூன்றும் அதன் வழியே தலைகீழாக மின்சாரத்தைத் தள்ளும். அது கசியும், ஃபிளாஷ் உள்ளே அரிக்கும். நான்கையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் வாங்குங்கள், ஜோடியாக ஏற்றுவது வேண்டாம்.

உப்பிய பேட்டரி கேமராவில் மாட்டிக்கொண்டால் ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது. குத்தினால் தீ. சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். வெளியே எடுத்ததன் டெர்மினலில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர் மணல் போட்ட வாளியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். மாநகராட்சி வண்டியில் போட்டால் நசுங்கிப் பற்றும். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் உண்டு. விற்ற கடையிலோ மின்கழிவு எடுக்கும் பதிவுபெற்ற இடத்திலோ கொடுங்கள்.

தூத்துக்குடி வாகைக்குளத்திலோ மதுரையிலோ விமானம் ஏறினால் ஸ்பேர் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான், லக்கேஜில் போடக் கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர். 2280 எம்ஏஎச் என்றால் 2.28 ஆம்பியர்-அவர்: 7.2 x 2.28 = 16.4. நூறு வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, கேமரா பேட்டரி அதில் ஆறில் ஒரு பங்கு. வீடியோ விளக்குக்கு வைக்கும் வி-மவுண்ட் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்: 98 வாட்-அவர் என்று இருந்தால் கவலை இல்லை, 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கிடையாது.